மொத்த விலையா, ஆண்டுப் பாட்டமா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ரப்பர் பால் கொள்முதல் செய்யும் ஒருவர், கடைக் கணக்குக்கு மென்பொருள் எழுத வேண்டும் என்று ஓர் ஆனி மாத மழையில் என்னை வரச் சொல்லியிருந்தார். பெரிய கடையில்லை. முன்பக்கம் தராசும் நான்கு நீலப் பீப்பாய்களும், பின்பக்கம் ஒட்டுபால் (சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்துபோன ரப்பர்) மூட்டைகள், மேசைமேல் நீளவாக்கில் ஒரு கணக்குப் புத்தகம். ஒட்டுபால் நாற்றம் சட்டையைவிட்டுப் போக இரண்டு முறை துவைக்க வேண்டும். அவர் தொழிலைச் சொல்லச் சொல்ல ஒரு மணி நேரம் எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது அவர் கேட்டது ஒரே கேள்வி: "மொத்தமாக எவ்வளவு ஆகும் மக்களே?"

மென்பொருளும் கட்டில், மேசை போலத்தான், ஆசாரி செய்து முடித்ததும் கூலியைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது அவர் எண்ணம். கேள்வியிலேயே பதிலின் பாதி இருந்தது. தொழில் தொடங்கிய முதல் சில ஆண்டுகள் நானும் அந்தப் பாதியை அப்படியே ஒப்புக்கொண்டு மீதிப் பாதிக்கு ஒரு தொகையை மட்டும் சொல்லிவந்தேன். தக்கலையில் வீட்டு மாடியில் ஒரு மேசை, ஒரு கணினி, நான் ஒருவன். கிழக்கே நாகர்கோவில், மேற்கே மார்த்தாண்டம், தெற்கே குளச்சல், வடக்கே மலையடிவாரம். நான்கு திசையிலும் பைக்கில் போய்வரும் தூரத்தில் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். எழுதும் வேலை எனக்கு என்றுமே சுமையாக இருந்ததில்லை. எதை எந்த முறையில் விற்பது என்பதில்தான் தவறு செய்தேன்.

தனி ஆளுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருளை நிறுவிப் பழக்கிவிடுவது, மொத்த விலைக்குப் புதிதாக எழுதிக் கொடுப்பது, மொத்த விலையோடு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் சேர்ப்பது, ஒரே மென்பொருளைப் பல கடைகளுக்கு ஆண்டு வாடகைக்கு விடுவது. நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன்.

முதலாவதைச் சட்டென்று முடித்துவிடலாம். நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் ஒரு துணிக்கடையோ, திங்கள் சந்தையில் ஒரு பாத்திரக்கடையோ அழைத்தால் புதிதாக எதையும் எழுதாதீர்கள். கணக்கெழுத டாலி இருக்கிறது, வியாபார் இருக்கிறது, ஜோஹோ புக்ஸ் இருக்கிறது. அந்தக் கடையின் ஆடிட்டர் கேட்கப்போவதும் டாலிக் கோப்பைத்தான். நூற்றுக்கணக்கானோர் பல்லாண்டு உழைத்துச் செய்ததை நான் மாடியறையில் ஒரு மாதத்தில் மறுபடி செய்யப் பார்ப்பது வீண் வீம்பு. நிறுவிக் கொடுத்து, சரக்குப் பட்டியலை ஏற்றிக் கொடுத்து, கல்லாவில் உட்காரும் பிள்ளைக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டால் போதும். வருமானம் சிறியது, தொல்லையும் சிறியது. இன்னும் விரிவாக வேண்டும் என்பவர்களுக்கு மும்பையின் பிராப்பே நிறுவனம் உருவாக்கிய ஈஆர்பி நெக்ஸ்ட் இருக்கிறது. திறந்த மூல மென்பொருள், உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்கத் தனி ஆளால் முடியாது என்பது என் அனுபவம். பதிப்பு மாறும்போதெல்லாம் நாம் செய்த மாற்றங்களை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும்.

ஆயத்த மென்பொருள் எங்கே கைவிடுகிறது என்பதைக் குலசேகரத்துக் கடையில் பார்க்கலாம். பாலுக்கு விலை அதன் எடைக்கல்ல, அதிலுள்ள உலர் ரப்பருக்கு. அந்த விகிதத்தை எல்லாரும் டி.ஆர்.சி. என்பார்கள். 48.5 கிலோ பால், டி.ஆர்.சி. 34 சதவீதம் என்றால் உலர் ரப்பர் 16.49 கிலோ, கிலோவுக்கு 190 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,133 ரூபாய் 10 காசு. இதுவரை எந்த மென்பொருளும் செய்யும். ஆனால் அந்த 34 என்ற எண் இன்று கிடைப்பதில்லை. மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டால் உடனே ஓர் எண்ணைக் காட்டும். அதை நம்பிப் பணம் கொடுக்க அவர் தயாரில்லை. ஒவ்வொருவர் பாலிலும் சிறிது எடுத்து, உறைய வைத்து, அடுப்புப் பெட்டியில் உலர்த்தி, நிறுத்துப் பார்த்த பிறகுதான் கணக்கு. அதாவது, சரக்கு இன்று வந்துவிடுகிறது, அளவு நாளைதான் தெரிகிறது. அளவு இல்லாமல் பில் போட ஆயத்த மென்பொருள் ஒப்பாது. போதாததற்கு, பால் ஊற்றுபவர் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய அட்வான்ஸை வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கவும் வேண்டும். ஆகவே எழுதித்தான் தீர வேண்டும். எழுதி எப்படி விற்பது?

மொத்த விலை என்று பேசினால் நான் 60,000 ரூபாய் சொல்வேன். மூன்று வாரம் எழுத்து, ஒரு வாரம் கடையில் உட்கார்ந்து சரிபார்ப்பு. பாதி முன்பணம், மீதி ஒப்படைக்கும்போது. கையில் ஒரே தொகையாகக் காசு வரும் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். புதிதாகத் தொடங்குபவருக்கு வீட்டில் மதிப்பு கூடுவது அந்தத் தொகையால்தான். பிரச்சினை ஒப்படைத்த மறுநாள் தொடங்குகிறது. கடைக்காரர் மனதில் அது விற்று முடிந்த பொருள். பழுதானால் சரிசெய்ய வேண்டியது செய்தவன் பொறுப்பு. பிரிண்டர் வயர் கழன்றாலும் என்னைத்தான் அழைப்பார்.

இப்படி ஏழு கடைகளுக்கு ஏழு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். 2025 செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி 12, 28 சதவீத வரி அடுக்குகளை எடுத்துவிட முடிவு செய்தது. 22 முதல் அமல். சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பற்பசை எல்லாம் 18இலிருந்து 5க்கு வந்தன, பெரிய டி.வி.யும் சிமென்ட்டும் 28இலிருந்து 18க்கு. ஒழுங்காக எழுதிய மென்பொருளில் இது பட்டியலில் ஒரு வரியை மாற்றும் வேலை. நான் எழுதிய முதல் மூன்றில் வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே அங்கங்கே எண்ணாகப் பொதிந்து வைத்திருந்தேன். யாரையும் குறை சொல்ல முடியாது, என் கை வேலை. கையில் 19 நாள், ஏழு கடை, ஏழு விதமான பதிப்பு. கடைசி வாரம் பத்மநாபபுரத்திலிருந்து நவராத்திரி விக்கிரகங்கள் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்ட வாரம். தக்கலையிலிருந்து குழித்துறைவரை சாலையில் நகர இடமில்லை. பைக்கை ஓரங்கட்டிவிட்டு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கடையின் நிரலைத் திருத்தினேன். அந்த 19 நாளுக்கு யாரும் காசு தரவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. ஒருவர் மட்டும் ஒரு சீப்பு மட்டிப் பழம் கொடுத்தார். நல்ல பழம்தான், பெட்ரோல் பங்கில்தான் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

அதே நேரத்தில் வாடகைக்கு விட்டிருந்த மென்பொருளில் இந்த வேலை ஒரே இரவில், ஒரே இடத்தில் முடிந்தது. அத்தனை கடைகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

மொத்த விலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. "காசு கொடுத்துவிட்டேன், நிரல் என்னுடையது" என்று ஒரு நாள் யாராவது சொல்வார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில்தான் வைத்திருக்கிறது. சட்டத்தின் கண்ணுக்கு நானும் எழுத்தாளன்தான், பொன்னாடை மட்டும் இன்னும் வரவில்லை. மாதச் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியிலிருந்து ஒப்பந்தத்துக்கு எழுதிக் கொடுப்பவரிடம் உரிமை அவரிடமே நிற்கும். எழுத்து மூலம் மாற்றிக் கொடுத்தால்தான் கைமாறும். அப்படி மாற்றிக் கொடுக்கும்போதும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். இது தெரியாமல் எத்தனை பேர் வாய்வார்த்தையில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே நிரலை அடுத்த கடைக்குக் கொண்டுபோகும்போது முதல் கடைக்காரரின் மைத்துனரிடம் ஏச்சு வாங்குகிறார்கள்! நான் இப்போது ஒரே பக்கத்தில், தமிழில், நிரல் என்னுடையது, கணக்குத் தரவு உங்களுடையது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.

பராமரிப்பு ஒப்பந்தம் நடுவழி. 60,000 ரூபாய் வேலைக்கு ஆண்டுக்கு 15 சதவீதம், 9,000 ரூபாய். முதல் ஆண்டு இலவசம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. இரண்டாம் ஆண்டு போய் நின்றால், "போன வருடம் ஒன்றும் பழுதாகவில்லையே, பிறகு எதற்கு?" என்று கேட்பார்கள். இன்வெர்ட்டருக்குப் பராமரிப்பு என்றால் ஒருவர் வந்து தண்ணீர் ஊற்றுவதைக் கண்ணால் பார்க்கலாம். பழுது வராமல் பார்த்துக்கொண்ட வேலையை யாரும் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடம், மருத்துவமனை போலக் கணக்குப் பிரிவு தனியாக உள்ள இடங்களில்தான் இது ஓடும்.

இனி வாடகை. மாதம் 700 ரூபாய், ஆண்டுக்கு 8,400. கடைக்காரர் பக்கம் ஐந்து ஆண்டுக் கணக்கைப் போட்டால், மொத்த விலையும் நான்கு ஆண்டுப் பராமரிப்பும் சேர்ந்து 96,000, வாடகை 42,000. என் பக்கம் பார்த்தால், ஆண்டுக்கு ஆறு கடைக்கு மொத்த விலையில் எழுதினால் 3,60,000. நாற்பது கடை வாடகைக்கு இருந்தால் 3,36,000. ஏறக்குறைய ஒன்றுதான் என்று தோன்றும். அடுத்த சித்திரையில் வித்தியாசம் தெரியும். மொத்த விலைக்காரர் மறுபடி சுழியத்திலிருந்து ஆறு கடை தேட வேண்டும், பழைய ஆறு கடைகளின் அழைப்புகளையும் இலவசமாக எடுத்துக்கொண்டே. வாடகைக்காரர் நாற்பதில் தொடங்குவார்.

ஆனால் நாற்பதுக்குப் போகும்வரை என்ன சாப்பிடுவது? பத்துக் கடையோடு நின்றால் ஆண்டுக்கு 84,000 ரூபாய். அதில் சர்வர் வாடகை மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கழியும். இதை வாடகை முறையின் புகழ் பாடுபவர்கள் சொல்வதில்லை. நான் இரண்டு ஆண்டு மொத்த விலை வேலைகளை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டுதான் கடந்தேன்.

மாதந்தோறும் வசூல் என்பதும் இங்கே நடக்காது. தொடக்கத்தில் யு.பி.ஐ. தானியங்கிப் பிடித்தம் வைத்துப் பார்த்தேன். பணம் எடுக்கப்போகிறோம் என்று வங்கியிலிருந்து முந்தைய நாள் குறுஞ்செய்தி வந்ததும் பலர் பதறிப்போய் ரத்து செய்துவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. இந்த மாவட்டத்தில் காசு மாதக் கணக்கில் புரள்வதில்லை. சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம் கிழக்குக் கடற்கரைத் தடைக்காலத்தில் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. குளச்சலும் தேங்காப்பட்டணமும் மேற்குக் கடற்கரைக் கணக்கு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்து ஐஸ் வியாபாரிகள் இருவர், கை வறளும் மாதங்கள் வேறு வேறு. ரப்பருக்கு மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து மரத்தில் பால் வெட்டுவது நிற்கும், ஆனி, ஆடியில் மழை. ஐப்பசியிலிருந்து தை வரைதான் பால் பொங்கும். தோவாளைப் பூ வியாபாரிக்கு ஓணம்.

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லையும் அறுத்துக் களத்தில் குவித்த பிறகுதான் பாட்டம், அதாவது குத்தகை நெல், அளப்பார்கள். நடவு நேரத்தில் பாட்டம் கேட்டவனை ஊர் மதிக்காது. அந்த ஒழுங்கைத்தான் எடுத்துக்கொண்டேன். ஆண்டுக்கு ஒரு முறை, அவரவர் கை நிறையும் மாதத்தில். மீன் சார்ந்த கடைகளுக்குத் தடைக்காலம் முடிந்த இரண்டாம் மாதம், ரப்பருக்கு டிசம்பர், பூவுக்கு ஓணம் கழிந்த வாரம். வாடகை என்ற சொல்லையும் விட்டுவிட்டேன். பாட்டம் என்றால் பெரியவர்கள் சிரிப்பார்கள், ஆனால் புரிந்துகொள்வார்கள்.

இந்த முறையைப் பற்றிக் கேட்பவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். இரண்டும் நியாயமானவை.

நெட் போனால்? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, பல கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேச்சிப்பாறைப் பக்கம் சாதாரண இடிமழைக்கே சிக்னல் போய்விடும். ஆகவே முழுக்க இணையத்தில் இயங்கும் மென்பொருள் இங்கே சரிப்படாது. என்னுடையது கடைக் கணினியிலேயே தரவை எழுதி வைத்துக்கொள்ளும்; நெட் வரும்போது சர்வருக்கு அனுப்பும். இதை எழுதுவது இரட்டை வேலை. இரண்டு இடத்தில் ஒரே பில்லைத் திருத்தினால் எது செல்லும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஆனாலும் தவிர்க்க முடியாது.

உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தனி ஆளிடம் யாரும் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி. ஒவ்வொரு மாதமும் கடையின் முழுக் கணக்கும் சாதாரண அட்டவணைக் கோப்பாகக் கடைக்காரரின் பென்டிரைவில் இறங்கும். எக்செல் தெரிந்த யாரும் திறக்கலாம். நிரலும் கடவுச்சொற்களும் உள்ள ஓர் உறை, நாகர்கோவிலில் இதே தொழில் செய்யும் நண்பரிடம் இருக்கிறது. அவருடையது என்னிடம் இருக்கிறது. பாட்டம் கட்டத் தவறினால் மென்பொருளைப் பூட்டமாட்டேன். பழைய கணக்கைப் பார்க்கலாம், அச்சிடலாம்; புதிதாகப் பதிய முடியாது, அவ்வளவுதான்.

கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது. எல்லாரும் ஒரே நிரலில் இருந்தால் என் ஒரு பிழை எல்லாக் கடையிலும் பிழை. ஒரு முறை இரவில் ஒரு சிறு திருத்தத்தை ஏற்றிவிட்டுத் தூங்கிவிட்டேன். எடையில் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கத்தை அது விழுங்கிவிட்டது. காலை எட்டு மணிக்கு, பால் வந்து இறங்கும் நேரத்தில், எல்லாரும் ஒன்றாக அழைத்தார்கள். அதற்குப் பிறகு எந்தத் திருத்தத்தையும் முதலில் இரண்டு கடைக்கு மட்டும் ஏற்றி, ஒரு வாரம் கழித்துத்தான் மற்றவர்களுக்கு.

அதன் மறுபக்கம், ஒரு கடையில் பட்டுத் தெரிந்துகொண்டது எல்லாக் கடைக்கும் பயன்படுகிறது. மலிவான இரண்டு அங்குலப் பில் பிரிண்டரில் தமிழ் எழுத்துரு இருக்காது. 'கொட்டாரம்' என்று அனுப்பினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வரும். தமிழ் தெரியும் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு பிரிண்டரோ, 'கொ'வின் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தது. கடைசியில், ஒவ்வொரு வரியையும் 384 புள்ளி அகலமுள்ள படமாக வரைந்து அனுப்பினேன். தாள் கொஞ்சம் மெதுவாக வந்தது, எழுத்து அச்சுக் கோத்ததுபோல் வந்தது. அதைப் போலவே தோவாளையில் ஒரு பாடம். விடியற்காலைச் சந்தையில் பூவில் தண்ணீர் தெளித்துத் தெளித்து வியாபாரியின் விரல் ஈரமாகவே இருக்கும். என் செல்போன் செயலியின் திரை அந்த விரலை ஏற்கவில்லை. எண்கள் மட்டும் உள்ள சிறிய கீபோர்டு ஒன்றை வாங்கி இணைத்தேன். இப்போது மீன் கடைகளிலும் அதுதான் இருக்கிறது. ஏழு தனித்தனி மென்பொருள் வைத்திருந்த காலத்தில் இந்த இரண்டையும் ஏழு முறை செய்திருப்பேன், அல்லது செய்யாமலே விட்டிருப்பேன்.

வரி விஷயம் சுருக்கமாக. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் வாடிக்கையாளர் கிடைத்தாலும் அதே வரம்புதான். வெளிமாநிலத்துக்குச் சேவை அளிக்கும் சிறியவர்களுக்கு 2017 அக்டோபரிலேயே விலக்கு வந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் 18 சதவீதம் சேர்ந்து 8,400 ரூபாய் 9,912 ஆகும். பெரிய கடை அதைத் தான் கட்ட வேண்டிய வரியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் இணக்க முறையில் இருக்கும் சிறிய கடையால் அப்படிக் கழிக்க முடியாது, அது முழுச் சுமை. மொத்த விலையில் பெரிய நிறுவனங்களுக்கு எழுதுபவர்தான் பதிவைப் பற்றி முதலில் யோசிக்க வேண்டும். குறு, சிறு தொழில்களுக்கான உதயம் பதிவு இலவசம், செய்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் வாடிக்கையாளர் பணம் தர வேண்டும். அத்தைமகன் வழியாக வந்த கடைக்காரரிடம் இந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

ஆகவே எதைத் தேர்வது என்பதை மென்பொருளை வைத்து நான் முடிவு செய்வதில்லை, சாலையை வைத்து முடிவு செய்கிறேன். மூன்று வார உழைப்பின் விலை 60,000. ஓர் ஆண்டுப் பாட்டம் 8,400. அந்த விலை ஓர் ஆண்டில் திரும்ப ஏழு கடைக்குச் சற்று மேலே வேண்டும். பைக்கில் போகும் தூரத்தில் இதே தொழில் செய்யும் எட்டுக் கடைகளை விரல்விட்டு எண்ண முடிந்தால் பாட்டம். வடசேரியில் நடன நகை செய்யும் ஒருவருக்கு, வெள்ளிக்கட்டும் கல்லும் முலாமும் எந்தெந்த வீட்டுப் பட்டறையில் எத்தனை நாளாக இருக்கின்றன என்று பார்க்கும் மென்பொருள் எழுதினேன். அவர் வேலை செய்யும் முறை அவருக்கே உரியது, எட்டுப் பேருக்குப் பொருந்தாது. அதை மொத்த விலைக்கே கொடுத்தேன், பராமரிப்போடு. ஊரில் எண்பது கடை இருந்தால், அதற்கு யாரோ ஏற்கெனவே எழுதியிருப்பார்கள். அதை நிறுவிக் கொடுங்கள்.

குலசேகரத்தில் மழை விடும்வரை உட்கார்ந்து இதையெல்லாம் வேறு வார்த்தைகளில் அவரிடம் சொன்னேன். மொத்தம் என்றால் இவ்வளவு, பாட்டம் என்றால் இவ்வளவு. அருமனை, திருவட்டாறு, கடையாலுமூடு என்று பால் எடுப்பவர்களின் பெயர்களை அவரிடமே கேட்டு எண்ணினேன், பதினொன்று வந்தது. "அவர்களுக்கும் இதையேதான் கொடுப்பாயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நான் பாலுக்குக் கொடுக்கும் விலை அவர்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்று சொல்லி, ஒப்பந்தத்தில் கணக்குத் தரவு உங்களுடையது என்ற வரியைக் காட்டினேன். இரண்டு முறை வாசித்தார்.

பிறகு நீளக் கணக்குப் புத்தகத்தைத் திருப்பி, பால் ஊற்றுபவர்களின் பெயர் வரிசையில் கடைசியாக என் பெயரை எழுதினார். எடைக்குரிய கட்டத்தில் ஒரு கோடு, டி.ஆர்.சி. கட்டத்தில் ஒரு கோடு, அட்வான்ஸ் கட்டத்தில் 2,000. நோட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, "மீதி டிசம்பரில், பால் வரட்டும்" என்றார்.